தாளிக்காத சட்னி

செண்பகம் கேப்பைக் களியைக் கிண்டி இறக்கிவிட்டுத் துடுப்பைக் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் சைக்கிள் வந்து நின்றது. அவள் புருஷன் வேங்கடேசன் மத்தியானத்தில் வீட்டுக்கு வருகிற ஆள் இல்லை. எட்டிப் பார்த்தாள். சைக்கிளுக்குப் பின்னால் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு ஆள் நடந்து வந்தார். மாநிறம், கட்டை மீசை, எண்ணெய் வைத்து வாரிய தலை. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர் யாரோ என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

"செம்பகம், சார் மெக்சிகோலேர்ந்து வந்திருக்காரு. மக்காச்சோள ஆராய்ச்சி. இனிமே நம்ப வீட்லதான் சாப்பாடு. பக்கத்து போர்ஷன்ல தங்கிக்குவாரு."

"எப்போலேர்ந்து?"

"இப்போலேர்ந்துதான்."

அவள் அடுப்படிக்குத் திரும்பி, களிச் சட்டியின்மேல் தட்டைப் போட்டு மூடினாள். பிறகு பக்கத்து வீட்டு லட்சுமியம்மாளிடம் ஓடிப்போய் ஒரு படி அரிசி வாங்கிக்கொண்டு வந்து உலை வைத்தாள். வந்தவர் பசியோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

இது நடந்தது அறுபத்துமூன்றாம் வருஷம், புரட்டாசியில். வேங்கடேசனுக்குத் திண்டிவனத்தில் கிராம சேவக் உத்தியோகம். ஊர் ஊராகச் சைக்கிளில் போய் விதை நெல்லைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் குடியானவர்களுக்குச் சொல்கிற வேலை. ஆபீஸில் மேலதிகாரி "யாராவது இதைப் பார்த்துக்கணுமே" என்று இழுத்தால், அவர் முடிப்பதற்குள் வேங்கடேசன் எழுந்து நின்றுவிடுவான். அப்படி எழுந்து நின்றதில் செண்பகம் இதுவரை ஒரு கோழிப்பண்ணைக் கண்காட்சிக்கு முட்டை வேகவைத்திருக்கிறாள், ஒரு டாக்டரம்மாவின் நாயை வளர்த்திருக்கிறாள். இந்தத் தடவை வெளிநாட்டுக்காரருக்குச் சாப்பாடு. ஓட்டல் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். ஆபீஸில் சாப்பாட்டுக்கென்று ஒரு தொகை ஒதுக்கியிருந்தார்கள். அதில் பாதியே போதும், அரசாங்கப் பணம் வீணாகக் கூடாது என்று வேங்கடேசன் தானாகவே சொல்லிவிட்டு வந்திருந்தான்.

"பாதி போதும்னு யாரக் கேட்டுச் சொன்னீங்க?"

"அவங்க ஊர்லயும் மொளகாதான் தின்றாங்களாம். நமக்கு இன்னா பேஜாரு? ஒரு எல கூடப் போடப்போறோம், அவ்ளோதான்."

வந்தவர் பெயர் இலாரியோ. தெருக்காரர்கள் இரண்டு நாளில் அதை லாரி ஐயா என்று ஆக்கிவிட்டார்கள். திண்டிவனத்தில் ஒரு துண்டு நிலம், விழுப்புரத்துக்கு அருகில் ஒரு துண்டு நிலம், இரண்டிலும் அவர் கொண்டுவந்த சோள விதையைப் போட்டுப் பார்க்க வேண்டும். காலையில் போனால் மண்ணும் வியர்வையுமாக மத்தியானம் வருவார். ஆள் பார்க்க நம்மூர் மாதிரியே இருந்ததால் பஸ் கண்டக்டர்கள் அவரைத் தமிழில் திட்டினார்கள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே தள்ளிப்போய் நின்றார். இங்கிலீஷ் அவருக்குச் சுமார்தான். வேங்கடேசனுக்கும் சுமார். செண்பகத்துக்குச் சுத்தமாகத் தெரியாது.

வெளிநாட்டு விருந்தாளி என்பதால் தினமும் அரிசிச் சோறு, பருப்பு, நெய் என்று வேங்கடேசன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். வந்த பணம் அரிசிக்கும் நெய்க்குமே சரியாகப் போயிற்று. விருந்தாளி எழுந்து போனபின் அவனும் அவளும் அடுப்படியில் உட்கார்ந்து களியோ கூழோ சாப்பிட்டார்கள். அரிசி அவர்களுக்கு வெள்ளிக்கிழமைக்கும் பண்டிகைக்கும் உள்ளது.

முதல் வாரத்தில் ஒருநாள் இலாரியோ கை கழுவக் கொல்லைப் பக்கம் போகும்போது அடுப்படியில் களி உருண்டையைப் பார்த்துவிட்டார். நின்று அதைக் காட்டி, வேங்கடேசனிடம் வெகுநேரம் ஏதோ சொன்னார். கையை வயிற்றில் வைத்துக் காட்டினார், சிரித்தார்.

"இன்னாங்க சொல்றாரு?" என்றாள் செண்பகம்.

அவர் சொன்னது இதுதான்: நீங்கள் சாப்பிடுவதையே எனக்கும் கொடுங்கள், எங்கள் ஊரிலும் மாவைக் கிளறியும் தட்டியும்தான் சாப்பிடுகிறோம், தினம் சோறு எனக்கு இறங்கவில்லை. வேங்கடேசனுக்கு அது புரிந்தது. ஆனால் மெக்சிகோவிலிருந்து வந்தவர் கிராம சேவக் வீட்டில் களி சாப்பிட்டார் என்று ஆபீஸில் தெரிந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு அதற்கு முன்னால் வந்து நின்றது.

"நெய்யி இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்றாரு," என்றான்.

மறுநாள் அவள் நெய்யைக் கூடுதலாக ஊற்றினாள். இலாரியோ இலையைப் பார்த்தார், வேங்கடேசனைப் பார்த்தார், பிறகு சாப்பிடத் தொடங்கினார்.

ஐப்பசி மழை தொடங்கியபோது அவருக்குச் சட்டை தொளதொளவென்று ஆகியிருந்தது. நம் வீட்டில் சாப்பிட்டு ஒரு ஆள் இளைத்துப்போகிறான் என்பது செண்பகத்துக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. என்னதான் வேண்டும் என்று கேட்கச் சொல்லிப் புருஷனைக் குடைந்தாள். இந்தத் தடவை அவன் ஒழுங்காகவே கேட்டான். இலாரியோ ஒரு காகிதத்தில் தக்காளி, மிளகாய், வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சம்பழம் எல்லாம் வரைந்து காட்டினார். நன்றாகவே வரைந்திருந்தார்.

"தொட்டுக்க ஒரு சட்னி வேணுமாம். அவங்க ஊர் சட்னி. ஒவ்வொரு வேளைக்கும் புதுசா பண்ணனுமாம்."

"இவ்ளோதானா?" என்றாள் அவள்.

அன்றைக்குக் கடைத்தெருவில் விசாரித்துத் தக்காளி வாங்கி, நல்லெண்ணெயில் வதக்கி, சுருளச் சுருளக் கிளறி, பெருங்காயம் போட்டு, கடுகு தாளித்துத் தொக்கு வைத்தாள். இலாரியோ தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணியமாகத் தலையை ஆட்டினார். மீதியைத் தொடவில்லை. மறுநாள் கொத்தமல்லியைப் புளி வைத்து, உளுத்தம்பருப்பு வறுத்துப் போட்டு அரைத்து, கடுகு தாளித்தாள். அவர் அதில் கிடந்த கடுகை ஒவ்வொன்றாக எடுத்து இலையின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். அதைப் பார்த்ததும் செண்பகத்துக்கு உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது.

"கடுகுல இன்னா குத்தம்? கேளுங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க."

வேங்கடேசன் கேட்டான். "வேக வைக்க வேணாமாம். தாளிக்க வேணாமாம். பச்சையா இருக்கணுமாம்."

"பச்சையாவா? ஆடா அவரு?"

லட்சுமியம்மாளிடம் சொன்னபோது அவள் நம்பவே இல்லை. "வெறகு இல்லாத வூட்லதாண்டி தாளிக்காம வெப்பாங்க. வெளியில சொல்லிக்கினு இருக்காத," என்றாள்.

தக்காளிக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. அப்போது திண்டிவனத்தில் அது தினம் வாங்குகிற சரக்கு இல்லை. மழை நாளில் விலையும் ஏறிவிட்டது. நெய்யைக் குறைத்தால் தக்காளி வாங்கலாம் என்றாள் செண்பகம். நெய்யைக் குறைக்கக் கூடாது என்றான் வேங்கடேசன். அப்படியானால் ஒதுக்கிய பணத்தை முழுசாக வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றாள். சொன்ன பேச்சை மாற்ற முடியாது என்றான். பதிலுக்கு, பாண்டிச்சேரிக்குப் போனவர் ஒருவர் மூலம் சிவப்பாக ஒரு சாஸ் பாட்டில் வாங்கிவந்து மேஜைமேல் வைத்தான். அது ஒரு வாரத்துத் தக்காளி விலை. இலாரியோ அதை முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார். அப்புறம் அந்தப் பாட்டில் சிலந்திக்கு வீடாயிற்று.

ஒருநாள் அவர் வயலிலிருந்து கைக்குட்டை நிறைய எதையோ முடிந்துகொண்டு, ஓட்டமும் நடையுமாக வந்தார். முகம் அப்படி மலர்ந்திருந்ததை அவள் அதுவரை பார்த்ததில்லை. முடிச்சை அவிழ்த்தால் சொடக்குத் தக்காளி. வரப்போரத்தில் தானாக முளைக்கிற செடி. பிள்ளைகள் அந்தக் காயை உறையோடு நெற்றியில் அடித்துச் சொடக்கு விடுவார்கள்.

"அம்மா, பச்சை," என்றார். அதற்குள் அவர் கற்றிருந்த ஒரே தமிழ் அதுதான்.

"இது களை தம்பி. இதையா திம்பாங்க?"

அவருக்குப் புரியவில்லை. உரிமையாக அடுப்படிக்குள் நுழைந்துவிட்டார். உறையை உரித்து, காயையும் பழத்தையும் ஒன்றாகக் குவித்தார். பச்சைக் காய் கசக்கும், வயிற்றை வலிக்கும் என்று செண்பகம் அவற்றைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். மஞ்சளாகப் பழுத்ததை மட்டும் விட்டுவைத்தாள். சரி, என்னதான் செய்கிறார் பார்ப்போம் என்று அவள் தண்ணீர் எடுக்கக் கொல்லைக்குப் போய்த் திரும்புவதற்குள், பச்சையாகக் கேட்டவரே அவளுடைய தோசைக் கல்லை அடுப்பில் ஏற்றி, எண்ணெய் ஒரு சொட்டு இல்லாமல், பழங்களையும் வெங்காயத்தையும் காய்ந்த மிளகாயையும் அதன்மேல் போட்டுக் கருக்கிக்கொண்டிருந்தார்.

நெடி கிளம்பியது. முதலில் செண்பகம் இருமினாள். பிறகு வாசலில் வேங்கடேசன் இருமினான். பிறகு தெரு இருமியது. லட்சுமியம்மாள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு ஓடிவந்து, "யாருக்குடி சுத்திப் போட்டீங்க? இந்த நெடி நெடிக்குதே, கண்ணே பட்டிருக்காது," என்றாள்.

இலாரியோ மட்டும் இருமவில்லை. கருகியதை அம்மியில் வைத்து, உப்பும் பூண்டும் சேர்த்து, ஒன்றும் பாதியுமாக நசுக்கினார். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டார். விரலால் வழித்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி வாயில் வைத்தாள். புளிப்பும் காரமும் கரி வாசனையும் ஒன்றாக வந்தன. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை அவள் அப்போது சொல்லவில்லை, ஏனென்றால் அவள் கண் தோசைக் கல்லின்மேல் இருந்தது. மாமியார் கொடுத்த கல். பல வருஷம் எண்ணெய் தேய்த்துத் தேய்த்துப் பழக்கிய கல். அதன் நடுவில் பழச்சாறு ஒட்டித் திட்டுத்திட்டாக வெளுத்துக் கிடந்தது.

மறுநாள் காலையில் ஒரு தோசைகூட எழும்பி வரவில்லை. பிய்ந்த தோசையைப் புருஷன் தட்டில் போட்டு, "உங்க ஆபீஸ்ல இதுக்கும் ஒரு தொகை ஒதுக்கச் சொல்லுங்க," என்றாள்.

அதன்பிறகு அவளே செய்யத் தொடங்கினாள். அடுப்படியை அவரிடம் விடுவதைவிட அது மேல். கருக்குவதற்கு உடைந்த பானை ஓடு ஒன்றை எடுத்துவைத்தாள். வரப்போரம் சொடக்குத் தக்காளி கிடைத்தவரை காசே செலவில்லை. கொல்லையில் தனியாவை நசுக்கித் தூவிவிட்டாள், கொத்தமல்லி வந்தது. எலுமிச்சை லட்சுமியம்மாள் வீட்டு மரம். ஒருநாள் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வறுத்து, காய்ந்த மிளகாயோடு நசுக்கி எண்ணெய் விட்டுக் கொடுத்தாள். இலாரியோ எழுந்து நின்று கும்பிட்டார். ஆனால் எதுவும் மறுவேளைக்குத் தாங்காது. காலையில் செய்தது மத்தியானம் நீர் விட்டுக்கொள்ளும், மத்தியானம் செய்தது பொழுது சாய்ந்தால் புளிக்கும். தினம் மூன்று வேளையும் அம்மி. கையில் மிளகாய் எரிச்சல் போகவே இல்லை. அப்படியும் அவர் அந்தச் சட்னியைச் சோற்றில் பிசைந்து நான்கு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். இன்னும் என்ன குறை என்று அவளுக்கு விளங்கவில்லை.

தை பிறந்தது. சோளம் முற்றியது. விழுப்புரத்து நிலத்தில் அறுவடையை ஒரு விழாவாக நடத்துவது என்று முடிவாயிற்று. கடலூரிலிருந்து ஜில்லா அதிகாரிகள் வருகிறார்கள். அதற்கு முதல்நாள் சாயங்காலம் வேங்கடேசன் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"செம்பகம், நாளைக்கு நீயும் விழுப்புரம் வர்றே."

"நான் இன்னாத்துக்கு?"

"மெக்சிகோ சட்னி நம்ப வீட்ல செலவே இல்லாம பண்றோம்னு பேச்சுவாக்குல சொன்னேன். பெரியவருக்கு ரொம்ப சந்தோஷம். எல்லாருக்கும் பரிமாறச் சொல்லிட்டாரு."

"எத்தினி பேரு?"

"நூறு பேரு வருவாங்க."

அவள் அடுப்பில் எரிந்த விறகை உள்ளே தள்ளினாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்," என்றாள்.

"கேட்டா வேணாம்னா சொல்லப்போற?"

நூறு பேருக்குச் சொடக்குத் தக்காளி போதாது. தக்காளிதான் வேண்டும். வேங்கடேசன் போய் ஒரு கூடை வாங்கிவந்தான். விலை படியட்டும் என்று நன்றாகக் கனிந்ததாகவே பார்த்து வாங்கியிருந்தான். விடிந்ததும் மூன்று பேருமாகப் பஸ் ஏறினார்கள். கூடையை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னாள். டிரைவர் பக்கத்தில் பத்திரமாக இருக்கும் என்று அவன் வாங்கிக்கொண்டு போனான். விக்கிரவாண்டியில் யாரோ ஒரு மல்லாட்டை மூட்டையை ஏற்றினார்கள். கண்டக்டர் அதைக் கூடையின்மேல் சாய்த்துவைத்தார்.

நிலத்துக்கு அருகில் கீற்றுக் கொட்டகை போட்டு, பின்பக்கம் ஓர் அம்மியும் தயாராக இருந்தது. செண்பகம் கூடையின் துணியைத் தூக்கினாள். உள்ளே சிவப்பாகக் குழம்பி நின்றது. அடியிலிருந்து சாறு அவள் புடவையில் சொட்டியது.

வேங்கடேசன் எட்டிப் பார்த்தான். "அரைக்கத்தானே போற. நசுங்குனா இன்னா?"

அவள் கூடையைத் தரையில் வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்துக் கையைத் துடைத்தாள்.

"நீங்க ஒக்காருங்க," என்றாள்.

"எங்க?"

"இங்கதான். வெங்காயத்த உரிங்க. மொளகாய்க் காம்ப கிள்ளுங்க."

"நான் வரவேற்புரை குடுக்கணும். இங்கிலீஷ்ல."

"உரிச்சிட்டுக் குடுங்க. இல்லன்னா நான் இப்டியே விழுப்புரம் டேசனுக்கு நடந்து போயி ரயிலேறி எங்கம்மா வூட்டுக்குப் போறேன்."

அவள் குரல் உயரவே இல்லை. அதனாலேயே அவன் உட்கார்ந்தான். இலாரியோ கூடையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், கைக்குட்டையை உதறிக்கொண்டு வரப்பில் இறங்கினார். சோளம் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் அவர் என்ன பொறுக்குகிறார் என்று பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். பிறகு அவர்களில் மூத்தவளான குப்பம்மாள் சேலை மடியில் கொஞ்சம் பறித்துவந்து கொட்டினாள். மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். உடையாத தக்காளியைப் பொறுக்கி, இதையும் சேர்த்து, செண்பகம் தலை நிமிராமல் நசுக்கினாள். வேங்கடேசன் மிளகாய் கிள்ளிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஜீப் வந்து நின்றபோது அவனுக்கு இரண்டு கண்ணும் கோவைப்பழமாகி, தண்ணீர் தாரையாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணோடுதான் போய் வரவேற்புரை படித்தான். எழுதி வைத்திருந்ததில் பாதி வரி தெரியவில்லை. பையனுக்கு வேலையில் எவ்வளவு ஈடுபாடு பார், அழுகிறான் என்று அதிகாரிகள் பேசிக்கொண்டார்கள்.

பந்தி நடந்தது. சமையல்காரர்கள் சாம்பார், வடை, பாயசம் எல்லாம் போட்டார்கள். இலையின் ஓரத்தில் செண்பகத்தின் சட்னி. எல்லோரும் அதை ஊறுகாய் மாதிரி விரல் நுனியால் தொட்டார்கள். "பச்சை வாசனை அடிக்குதே," என்றார் ஒருவர். "தாளிக்க மறந்துட்டாங்க போல," என்றார் பக்கத்து இலைக்காரர். அவள் தூணுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பந்தி முடிந்தபோது குண்டானில் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

"ஜல்தி மூடு. வீட்டுக்கு எடுத்துக்கினு போயிடலாம்," என்றான் வேங்கடேசன், ஈரத்துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே.

"திண்டிவனம் போறதுக்குள்ள புளிச்சிடும்," என்றாள். குண்டானைத் தூக்கிக்கொண்டு கொட்டகையின் பின்பக்கம் வந்தாள். அப்போது அவளுக்கு யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. எங்காவது கொட்டிவிட்டுப் போகலாம் போலிருந்தது.

வேப்பமரத்தடியில் அறுவடைப் பெண்கள் தூக்குகளைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு களி உருண்டை, கடித்துக்கொள்ளப் பச்சை மிளகாய். பந்தியில் அவர்களுக்கு இலை போடவில்லை.

"அத எங்கேம்மா கொண்டும்போற?" என்றாள் குப்பம்மாள். "கொட்டறதா இருந்தா இங்க ஊத்து."

செண்பகம் ஊற்றினாள். குப்பம்மாள் களியைக் கிள்ளி, அதில் தோய்த்து, விழுங்கினாள். தூக்கை மறுபடியும் நீட்டினாள். எல்லோரும் நீட்டினார்கள். காரத்தில் உஸ் உஸ் என்று மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்டது.

இலாரியோ பந்தியிலிருந்து பாதியில் எழுந்து வந்தவர் அங்கே நின்றிருந்தார். அவர் களியைப் பார்த்த பார்வையைச் செண்பகம் கவனித்தாள். அவர் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குப்பம்மாளிடம் கையை நீட்டினார். குப்பம்மாள் செண்பகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். செண்பகத்தின் தெருவில் குப்பம்மாளின் சாதிக்காரர் கையால் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். இலாரியோவுக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் நீட்டிய கையை அவர் இழுத்திருக்க மாட்டார் என்றே தோன்றியது.

"குடும்மா. கேக்கறாரில்ல," என்றாள் செண்பகம்.

குப்பம்மாள் பாதி உருண்டையைக் கொடுத்தாள். அவர் சாப்பிட்டார். நான்கு மாதத்தில் அந்த மனுஷன் வயிறாரச் சாப்பிட்டு அவள் பார்த்தது அன்றைக்குத்தான். இன்னொருத்தியும் கொடுத்தாள். அதையும் சாப்பிட்டார். விரலை நக்கினார்.

விழுப்புரத்தில் கிராம சேவிகாவாக இருந்த இருதயமேரி அந்தப் பக்கம் வந்தாள். கான்வென்டில் படித்தவள், இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். இலாரியோ அவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"இன்னா சொல்றாரு?" என்றாள் செண்பகம்.

"வந்த முதல் வாரமே இத கேட்டாராம். உங்க வீட்ல நீங்க சாப்புடறதையே குடுங்கன்னு. மறுநாள் நெய்தான் அதிகமா வந்துச்சாம். இந்தச் சட்னியே இந்த மாதிரி மாவுக்குத்தானாம், சோத்துக்கு இல்லியாம்."

செண்பகம் வெறும் குண்டானைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நான்கு மாத அரிசி. நான்கு மாத நெய். காசு போதாமல் வரப்பு வரப்பாகப் பொறுக்கியது. அடுப்படியில் விருந்தாளிக்குத் தெரியாமல் தட்டைப் போட்டு மூடி, திருடி மாதிரி தின்ற களி.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் வெறும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விக்கிரவாண்டி தாண்டியபின் வேங்கடேசனே, "இன்னா, ஒரு மாதிரி இருக்கே," என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் அவள் கேப்பைக் களி கிண்டினாள். அம்மியில் சட்னி நசுக்கினாள். கூடத்தில் மூன்று தட்டுகளை வைத்தாள், மூன்றிலும் ஒரே மாதிரி ஓர் உருண்டை. வேங்கடேசன் உள்ளே வந்து பார்த்துவிட்டுத் திகைத்து நின்றான்.

"சோறு எங்க?"

"இல்ல. ஒக்காருங்க." அவளும் தன் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். இலாரியோ வந்து உட்கார்ந்தார். "நான் சொல்றத இவருகிட்ட இங்கிலீஷ்ல சொல்லுங்க. ஒண்ணு கூடக் கொறையக் கூடாது. இருதயமேரிகிட்ட நான் மறுபடி கேப்பேன்."

அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"நாங்க தினம் களியும் கூழுந்தான் சாப்புடறோம். உங்களுக்கு அதக் குடுக்க வெக்கமா இருந்துச்சி. நீங்க கேட்டத எங்கூட்டுக்காரரு எங்கிட்ட சொல்லல. சொல்லியிருந்தா மொத நாளே போட்டிருப்பேன். சொல்லுங்க."

வேங்கடேசன் சொன்னான். நடுவில் இரண்டு இடத்தில் நின்றான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் மறுபடியும் தொடர்ந்தான். முடிந்ததும் இலாரியோ மெதுவாகப் பேசத் தொடங்கினார். நீளமாகப் பேசினார்.

"இன்னா சொன்னாரு?"

வேங்கடேசன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவங்க வீட்லயும் சோள ரொட்டிதானாம். பட்டணத்துலேர்ந்து யாராவது வந்தா அவங்க அம்மா அத ஒளிச்சி வெச்சிட்டு, பக்கத்து வீட்ல கோதுமை ரொட்டி வாங்கியாந்து வெப்பாங்களாம். வந்தவங்க போனதும் எல்லாரும் அடுப்படில ஒக்காந்து சாப்புடுவாங்களாம்."

"அப்புறம்?"

"அப்புறம்..." அவன் இலாரியோவைப் பார்த்தான். அவர் தலையை அசைத்தார். "நான் மாத்திச் சொல்றேன்னு அவருக்கு அன்னைக்கே தெரியுமாம். நெய்யப் பார்த்ததும் தெரிஞ்சிடுச்சாம். எனக்குக் கஷ்டமா இருக்கும்னுட்டு வுட்டுட்டாராம்."

"இவரு ஒருத்தரு," என்றாள் செண்பகம். "ரெண்டு பேருமா சேந்து என்ன நாலு மாசமா சோறு வடிக்க வெச்சிருக்கீங்க."

அதை மொழிபெயர்க்கலாமா வேண்டாமா என்று வேங்கடேசன் அவளைப் பார்த்தான். "அதையும் சொல்லுங்க," என்றாள் அவள், சட்னிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே.